கண்ணை மூடிவிட்டவள்

இசக்கிப்ரியாவின் கண்களை மூடிவிட்டது தங்கபுஷ்பம்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இன்ஸ்பெக்டர், டாக்டர், கோடிக்கணக்கில் செலவழித்து வாங்கிய இயந்திரம் எல்லாம் சேர்ந்து தேடு தேடென்று தேடியது அந்த ஒரு கையைத்தான். அந்தக் கையோ அவர்களுக்கே டீ கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தது.

தங்கபுஷ்பம் ஏட்டு. தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளங்களை ஒட்டியிருக்கும் காவல் நிலையத்தில் வேலை. அன்று மத்தியானம் ஒரு சம்மன் கொடுப்பதற்காக ஸ்கூட்டரில் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் உப்பளத்தில் ஈ காக்கை இருக்காது. விடிவதற்கு முன்னால் வந்து உப்பை வாரிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள். எதிரே சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒரு அம்மா வந்தாள். தலையில் முக்காடு. நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அந்தா பழைய கொட்டாய்ல ஒரு பிள்ளை கெடக்கு, போய்ப் பாருங்க," என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டாள். அவள் யார், எந்த ஊர் என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது தங்கபுஷ்பத்துக்கு அப்போது தோன்றவில்லை. பின்னால் அதற்காக அவள் தலையில் அடித்துக்கொள்ளாத நாளில்லை.

கொட்டகைக்குள் காலி மூட்டைகளுக்கு நடுவில் அந்தப் பெண் கிடந்தாள். பத்தொன்பது இருபது வயதிருக்கும். உப்பு பாக்கெட் போடும் கம்பெனியின் நீல மேல்சட்டை. கழுத்தில் தடம். தங்கபுஷ்பம் நாடி பிடித்துப் பார்த்தாள். இல்லை. ஆனால் உடம்பில் சூடு இன்னும் போகவில்லை. கண்கள் இரண்டும் கூரையைப் பார்த்தபடி திறந்து கிடந்தன.

நிலையத்துக்குத் தகவல் சொன்னாள். இன்ஸ்பெக்டர் தளவாய் போனிலேயே கத்தினார். "எல்லாரும் துறைமுகத்துல மந்திரி பந்தோபஸ்துல நிக்காவ. நான் ஆளுகளைக் கூட்டிட்டு வர நேரமாவும். அங்கனயே நில்லு. எதையும் தொட்டுராத!"

அவள் நின்றாள். முதலில் செய்த காரியம், தன் சட்டைக் கேமராவை அணைத்தது. அது தப்பு, பெரிய தப்பு. ஆனால் போன வருஷம் ஒரு பெண்ணின் பிணத்தைக் கேமரா பிடித்த படம் எப்படியோ வெளியே போய், ஊரெல்லாம் போன் போனாகச் சுற்றியதை அவள் மறக்கவில்லை. இந்தப் பிள்ளையின் உடுப்பு விலகிக் கிடந்தது. இது எவன் போனுக்கும் போகக் கூடாது என்று நினைத்தாள், அணைத்தாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அந்தக் கண்கள்.

தங்கபுஷ்பத்துக்கு ஒரு மகள் இருந்தாள், பொன்மதி. டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தங்கபுஷ்பத்துக்குத் திருவிழா பந்தோபஸ்து. கெஞ்சிப் பார்த்தும் லீவு கிடைக்கவில்லை. ஓடிப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை போய் வெகுநேரம் ஆகியிருந்தது. கண்கள் பாதி திறந்தே கிடந்தன. உடம்பு விறைத்த பிறகு இமை இறங்காது. எவ்வளவு நேரம் விரலால் அழுத்திப் பிடித்தாலும் மறுபடி மேலே போய்விடும். "ஒன்னையத் தேடுன கண்ணுல்லா அது," என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். சொன்னவள் அடுத்த நிமிஷம் மறந்திருப்பாள். கேட்டவள் வருஷக்கணக்காக அதை வயிற்றில் கட்டிக்கொண்டு திரிகிறாள்.

இந்தப் பிள்ளையின் உடம்பு இன்னும் விறைக்கவில்லை. ஆளுகள் வந்து சேருவதற்குள் விறைத்துவிடும். எவள் பெற்றாளோ, அவளும் நாளைக்கு இமையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பாளே என்று நினைத்தபோது தங்கபுஷ்பத்தால் தாங்க முடியவில்லை. குனிந்து இமைகளை இறக்கினாள். இறங்கின. பிள்ளையின் துப்பட்டா ஓரத்தைக் கிழித்து வாய் பிளந்துவிடாமல் நாடிக்கட்டுக் கட்டினாள். இன்னொரு துண்டைக் கிழித்துக் கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். உடுப்பைச் சரிசெய்தாள். தலையைத் தெற்கே பார்க்கத் திருப்பிப் படுக்கவைத்தாள். அழுதாள். யாரும் பார்க்கவில்லை.

ஜீப்பில் வந்து இறங்கிய இன்ஸ்பெக்டர் கேட்ட முதல் கேள்வி, "எதையாவது தொட்டியா?" என்பதுதான்.

"நாடி பாத்தேன் சார். வேற தொடலை."

கேட்ட வேகத்தில் வாயில் வந்துவிட்ட பொய். இப்போது சொன்னால் சஸ்பெண்ட். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். சாயங்காலம் வந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள்.

உளவரை என்ற அந்த இயந்திரம் அப்போதுதான் மாவட்டத்துக்கு வந்திருந்தது. எஸ்.பி. அலுவலகத்தில் ஒரு ஏ.சி. அறை, ஒரு பெரிய திரை, ஒரு ஸ்பீக்கர். அதைப் பார்த்துக்கொள்ளச் சென்னையிலிருந்து டாக்டர் யாமினி வந்திருந்தாள். மனநல மருத்துவம் படித்தவள், அதிர்ந்து பேசமாட்டாள், தங்கபுஷ்பத்தைக்கூட "மேடம்" என்றுதான் கூப்பிடுவாள். கெட்டவர்களை வைத்துக் கதை சொன்னால் ஆறுதலாக இருக்கும். இந்தக் கதையில் அந்த வசதி இல்லை.

"கைரேகை, ரத்தம் எல்லாம் ஆள் யாருன்னு சொல்லும் சார்," என்று அவள் தளவாயிடம் விளக்கினாள். "இது எப்படிப்பட்ட ஆள்னு சொல்லும். சம்பவ இடத்துல ஒருத்தர் செஞ்ச ஒவ்வொரு காரியத்துக்குப் பின்னாடியும் ஒரு மனசு இருக்குல்ல, அந்த மனசை இது திரும்பக் கட்டும். கட்டி முடிச்சதும் நாம அதுகிட்டப் பேசலாம்."

"பேசலாம்னா?"

"கேள்வி கேட்டா, அந்த ஆள் என்ன சொல்வாரோ அதைச் சொல்லும். அப்புறம் சந்தேகப்படுறவங்களோட அதைப் பொருத்திப் பார்ப்போம். நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சுக்கு மேல பொருந்தினா கோர்ட்டுக்கு வேற சாட்சியே வேண்டாம், சட்டத்தைத் திருத்திட்டாங்களே. தீர்ப்பு வந்ததுக்கு அப்புறம் செத்தவங்க குடும்பமும் ஒரு தடவை இதுகூட உட்கார்ந்து பேசலாம். ஏன் இப்படிச் செஞ்சேன்னு கேட்டு, அழுதுட்டுப் போவாங்க. அன்னைக்குத்தான் அவங்களுக்குத் தூக்கம் வரும்."

இசக்கிப்ரியாவின் வழக்கில் இயந்திரத்துக்குக் கொடுக்க அதிகம் இல்லை. உப்புத் தண்ணீர் பட்ட இடத்தில் எந்தத் தடயமும் நிற்காது. இருந்ததெல்லாம் மூடிய கண்கள், நாடிக்கட்டு, கால்கட்டு, திருத்திய உடுப்பு, தெற்கே பார்த்த தலை. அத்தனையும் உடம்பு விறைப்பதற்கு முன்னால் நடந்தவை. ஆகவே அந்த ஆள், உயிர் போன நேரத்தை ஒட்டி அங்கே இருந்த ஆள். இதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மறுநாள் தளவாயோடு அங்கே போயிருந்த தங்கபுஷ்பம் டீ டம்ளர்களோடு உள்ளே நுழைந்தபோது ஸ்பீக்கரில் பேச்சு ஆரம்பித்திருந்தது. ஆண் குரலும் இல்லை, பெண் குரலும் இல்லை, புத்தகத்தைப் படிப்பதுபோல ஒரு குரல்.

"அவளை ஏன் அப்படிப் படுக்கவைத்தீர்கள்?" என்று யாமினி கேட்டாள்.

"அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை."

"அவள் உங்களுக்கு யார்?"

"என் பிள்ளை." உடனே குரல் திருத்திக்கொண்டது. "என் பிள்ளை மாதிரி."

"இதற்கு முன் யாரையாவது இழந்திருக்கிறீர்களா?"

"ஒருத்தியை. நான் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. அவளுக்குச் செய்ய முடியாமல் போனதை இவளுக்குச் செய்தேன்."

தங்கபுஷ்பம் சாய்த்துப் பிடித்த தட்டில் டீ சிந்தியது. "பாத்து, பாத்து," என்று தளவாய் தட்டை வாங்கிக்கொண்டார். யாரிடமும், பெற்ற தாயிடம்கூடச் சொல்லாததை ஒரு பெட்டி ஊர் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

"செஞ்சதுக்கு வருத்தப்படுற ஆள்," என்றாள் யாமினி. "கொன்னதை மனசளவுல இல்லாமப் பண்ணப் பார்க்கிறார். தூங்குற மாதிரி படுக்கவெச்சுட்டா அது கொலை இல்லைன்னு ஆயிடும். ரொம்ப நெருங்கின உறவு."

"இதுக்கு இம்புட்டுப் பெரிய மிஷினா வேணும்?" என்று தளவாய் சிரித்தார். "நாடிக்கட்டும் கால்கட்டும் சொந்தக்காரனைத் தவிர வேற எவன் கட்டுவான்? எங்க பக்கத்துல வேற தெருக்காரன் பிணத்தை எட்டத்துல நின்னுதான் பாப்பான். தொடுவானா?"

"இதுவும் அதைத்தான் சொல்லுது சார். இந்தப் பக்கத்துப் பழக்கமெல்லாம் இதுக்கு அத்துப்படி. ஆயிரக்கணக்கான வழக்குகளைப் படிச்சிருக்கு. சம்பந்தமில்லாத ஒருத்தர் பிணத்தைத் தொட்டு இப்படிச் செஞ்சதா அதுல ஒண்ணுகூட இல்லை."

இயந்திரத்தைத் திட்டிப் பிரயோஜனமில்லை. ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவனைச் சுற்றி நின்று படம் பிடிக்கிற ஜனங்கள் நாம். அது நம்மைப் படித்தது. நாம் எப்படியோ அப்படிச் சொன்னது. யாரோ ஒருத்தி யாரோ ஒருத்தியின் கண்ணை மூடிவிடுவாள் என்பது அந்தப் பெட்டிக்கும் தெரியவில்லை, தளவாய்க்கும் தெரியவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் ஆள் கிடைத்துவிட்டான் என்றார்கள். இசக்கிப்ரியாவின் அப்பா சொள்ளமுத்து. உப்பளத்தில் உப்பு வாருகிறவர். இளம் வயதில் தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தவர். அவர் கடலில் இருந்தபோது பெண்டாட்டி பிரசவத்துக்குப் பிந்திய காய்ச்சலில் போய்விட்டாள். கரைக்கு வரும்போது புதைத்து முடித்திருந்தார்கள். அதோடு தோணியை விட்டுவிட்டுக் கைக்குழந்தையை ஒண்டியாக வளர்த்தவர். போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்துபோன ஒருத்தி அவருக்கும் இருந்தாள். உளவரை அவரோடு பொருந்தியது, தொண்ணூற்றொன்று.

நாலு குறைந்தது. அந்த நாலை அவர் வாயிலிருந்து எடுக்கத் தளவாய் லாக்கப்புக் கதவைச் சாத்தினார்.

மறுநாள் சொள்ளமுத்துக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வேலை தங்கபுஷ்பத்துக்கு வந்தது. அவர் சுவரில் சாய்ந்து ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அந்தக் காலை மடக்க முடியவில்லை. பொட்டலத்தைத் தொடவில்லை.

"சாப்பிடுங்க அண்ணாச்சி."

"ஏட்டம்மா, நீங்கதான மொதல்ல போய்ப் பாத்தீய?"

"ஆமா."

"அவ கண்ணு நல்லா மூடியிருந்துச்சா?"

தங்கபுஷ்பம் பொட்டலத்தைப் பிரித்து அவர் பக்கம் நகர்த்தினாள். "மூடியிருந்துச்சு அண்ணாச்சி. தூங்குத மாதிரி."

"அதைத்தான் இவுககிட்டச் சொல்லுதேன், கேக்க மாட்டேங்காவ," என்றார். உதடு வீங்கியிருந்ததால் வார்த்தைகள் மெதுவாக வந்தன. "கழுத்தை நெரிச்சவனும் கண்ணை மூடினவனும் ஒரே ஆளா இருக்க முடியாது. கொன்னவன் எம்பிள்ளைக்கு உடுப்பைச் சரிபண்ணிவிடுவானாம்மா? எவனோ ஒரு புண்ணியவான் பின்னால வந்துருக்கான். நான் செய்யவேண்டியதை அவன் செஞ்சுட்டுப் போயிருக்கான். அது யாருன்னு தெரிஞ்சா அவன் காலைத் தொட்டுக் கும்பிடணும்."

அந்த மாநிலத்திலேயே உண்மையைக் கண்டுபிடித்த ஒரே ஆள் அவர். அவர் லாக்கப்பில் இருந்தார்.

தங்கபுஷ்பம் வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவினாள். வேலை போகும். போகட்டும். நேரே எஸ்.பி. அலுவலகத்து ஏ.சி. அறைக்குப் போனாள். தளவாயும் யாமினியும் இருந்தார்கள். கேமராவை அணைத்ததில் ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி முடித்தபோது வருஷக்கணக்கான பாரம் இறங்கியதுபோல இருந்தது. பாவம், அவளுக்கு அந்த நிம்மதி ஐந்து நிமிஷம் இருந்திருக்கும்.

யாமினியின் முகம் வெளுத்துவிட்டது. "மேடம், அப்படின்னா நாங்க கட்டினது கொலைகாரனோட மனசே இல்லை," என்றாள். "உங்களோடது."

"அதைத்தான் டாக்டரம்மா சொல்லுதேன். அந்த ஆளை விட்டுருங்க. கொன்னவன் வெளியதான் இருக்கான், தேடுங்க."

தளவாய் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார். பதினோரு வருஷம் அவளோடு வேலை பார்த்தவர், அவள் மகள் சாவுக்கு வந்து நின்றவர், அவளை முன்பின் பார்த்திராதவர்போலப் பார்த்தார். "டாக்டர், இவங்களைப் பொருத்திப் பாருங்க."

"சார், அவங்க சொல்றது..."

"பாருங்க."

தொண்ணூற்றெட்டு வந்தது. வராமல் எப்படி இருக்கும்? அவள் மனசை வைத்துத்தானே கட்டியது!

"கேமராவை எதுக்கு ஆஃப் பண்ணுன?" என்று தளவாய் கேட்டார். "தொடலைன்னு எதுக்குப் பொய் சொன்ன? சைக்கிள்ல வந்தவ எங்க? ஒன் பிள்ளை செத்த நாள்லேருந்து நீ ஒரு மாதிரிதான இருக்க. அந்தப் பிள்ளையைப் பாத்ததும் ஒனக்கு என்ன ஆச்சு?"

ஒவ்வொரு கேள்விக்கும் அவளிடம் பதில் இருந்தது. ஒவ்வொரு பதிலையும் திரை வாங்கிக்கொண்டது. அவள் அழுதால் அது வருத்தம். அழாவிட்டால் அது கல்மனசு. சைக்கிளில் வந்த அம்மாவைத் தேடி ஊர் ஊராக மைக்கில் அறிவித்தார்கள். யார் வருவார்கள்? பார்த்தேன் என்று சொன்னவளின் கதிதான் கண்ணுக்கு முன்னால் இருக்கிறதே.

சொள்ளமுத்தை விட்டுவிட்டார்கள். அந்த ஒன்று மட்டும் அவள் நினைத்தபடி நடந்தது.

கோர்ட் தண்டனை கொடுத்து, பாளையங்கோட்டைப் பக்கம் பெண்கள் சிறைக்கு அவள் வந்து சேர்ந்து வெயில்காலம் ஒன்று முழுசாகப் போய்விட்டது. யாமினி வேலையை விட்டுவிட்டாள். மேல்முறையீட்டுக்கு வக்கீல் பிடித்துக் கொடுத்தவளும் அவள்தான். ஒரு நாள் பார்க்க வந்தபோது ரொம்ப மெலிந்திருந்தாள்.

"எங்க தாத்தா செத்தப்ப நான் ஸ்கூல்ல படிச்சுட்டிருந்தேன்," என்றாள். "போன் பண்ணினோம், வேன்ல ஆள் வந்தாங்க, கண்ணாடிப் பெட்டியில வெச்சுக் கொடுத்தாங்க. யார் கண்ணை மூடினாங்க, யார் கட்டுப் போட்டாங்க, எதுவும் தெரியாது. எவனோ கூலிக்கு வந்த ஆள்தான் செஞ்சிருப்பான். அவனுக்கு எங்க தாத்தா யாரு? எங்க வீட்டுலயே ஒரு அந்நியர்தான் செஞ்சிருக்கார். இது எனக்குத் தோணவே இல்லையே மேடம்."

"விடுங்க டாக்டரம்மா."

"விட முடியலை. இப்ப உங்க வழக்கையும் அதுக்குப் பாடமா சேர்த்துட்டாங்க. கண்ணை மூடியிருந்தா மூடினவர்தான் கொலைகாரர்னு அது முன்னையவிட உறுதியாச் சொல்லுது. போலீஸ்காரங்க யாரும் பிணத்தைத் தொடறதில்லை. ஜனங்களும் தொடறதில்லை. மதுரைப் பக்கம் ஒரு வீட்டுல புருஷன் தூக்கத்துலயே போயிட்டாராம். பெண்டாட்டி பக்கத்துல போகாம வாசல்லயே நின்னிருக்காங்க, போலீஸ் வர்ற வரைக்கும்."

தங்கபுஷ்பம் அந்தப் பெண் வாசலில் நின்றதை நினைத்துப் பார்த்தாள். ஐயோ என்றிருந்தது.

"அடுத்த மாசம் விசாரணைக்கு வருது," என்று யாமினி குரலைத் தாழ்த்தினாள். "நான் சாட்சி சொல்லப்போறேன். இந்த இயந்திரம் கண்ணை மூடினது யாருன்னுதான் சொல்லும், கொன்னது யாருன்னு சொல்லாதுன்னு. நமக்கு ஒரே ஒரு பிடிதான் இருக்கு. இதுவரைக்கும் உங்க வாயால நீங்க கொலையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை. அந்தப் பொண்ணு உயிரோட இருந்தப்ப நீங்க அங்க இருந்தீங்கன்னு அர்த்தம் வர்ற மாதிரி எதையும், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இந்த அறையில பேசறது எல்லாம் பதிவாகுது. அந்தச் சிவப்பு லைட் தெரியுதா?"

தெரிந்தது. தங்கபுஷ்பம் தலையாட்டினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று அவள் ரெண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் சொள்ளமுத்து வந்தார்.

பார்வையாளர் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாக உட்கார்ந்திருந்தார். கால் இன்னும் சரியாகவில்லை, கம்பு ஒன்று பக்கத்தில் சாத்தியிருந்தது. காலைத் தொட்டுக் கும்பிடுவேன் என்று சொன்ன மனிதர். கும்பிட வேண்டாம், நீ செய்யவில்லை என்று ஒரு வார்த்தை அவர் வாயால் சொன்னால் போதும், மிச்ச நாளை ஓட்டிவிடலாம் என்று நினைத்தாள்.

"மொதல்ல ஒன்னையக் கொல்லணும்னுதான் இருந்தேன்," என்றார் சொள்ளமுத்து.

முன்பு "நீங்க" என்று பேசியவர் இப்போது "நீ" என்றதை அவள் கவனித்தாள்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நீங்கதான சொன்னீய? கொன்னவனும் கண்ணை மூடினவனும் ஒரே ஆளா இருக்க முடியாதுன்னு."

"சொன்னேன். அப்ப நான் புத்தி பேதலிச்சுக் கெடந்தேன். ஆளு யாருன்னு தெரியாம எம்புட்டு நாளைக்கு இருக்கது, சொல்லு. டீக்கடையில நிக்கவனைப் பாத்தா இவனா இருக்குமோன்னு தோணும். பஸ்ல பக்கத்துல இருக்கவனைப் பாத்தா இவனோன்னு தோணும். பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுன எந்தம்பியைக்கூட ஒரு நாள் அப்படிப் பாத்துட்டேன். பைத்தியம் புடிச்சிரும்போல இருந்துச்சு." துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "பெறவுதான் அவுக என்னையக் கூப்பிட்டு அந்த மிஷின்கிட்ட உக்காத்தி வெச்சாவ. நீ பேசினியே."

"நானா?"

"தீர்ப்புக்குப் பெறவு அதுக்கு ஒன் குரலையே வெச்சுட்டாவ, ஒன் குரல்லதான் பேசிச்சு. மொதல்ல எனக்கு ஆத்திரம். வாயில வந்ததெல்லாம் திட்டுனேன். நீ திருப்பி ஒண்ணும் சொல்லலை. அழுதுகிட்டே இருந்த. எம்பிள்ளை போயிட்டா அண்ணாச்சி, கண்ணைக்கூட மூட முடியலை அண்ணாச்சின்னு அழுத. ஒங்க பிள்ளையைப் பாத்ததும் என்ன செய்யுதோம்னே தெரியாமச் செஞ்சுட்டேன், மன்னிச்சுருங்கன்னு கேட்ட. பெத்த வயிறு பதறுதது எனக்குத் தெரியும்லா? அது பொய்யழுகை இல்லை."

பொய்யழுகை இல்லைதான். அவளுடைய அழுகையைத்தான் எடுத்து அவரிடம் அழுதிருக்கிறது. செய்யாத ஒன்றுக்கு மன்னிப்பையும் சேர்த்துக் கேட்டிருக்கிறது.

"அன்னைக்கு நான் மன்னிச்சேன்னு சொல்லலை. சொல்ல வாய் வரலை. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்." அவர் கண்ணாடிக்கு நெருங்கி வந்தார். "மன்னிச்சுட்டேன் தாயி. சாமி சத்தியமா மன்னிச்சுட்டேன். இப்ப எனக்குச் சோறு எறங்குது. ராத்திரி தூங்குதேன். எவன் முகத்தைப் பாத்தாலும் மனுசன் முகமாத் தெரியுது. முடிஞ்சுபோச்சுன்னு இருக்கு."

தங்கபுஷ்பம் வாயைத் திறந்தாள். நான் கொல்லவில்லை என்ற இரண்டு வார்த்தை நாக்கில் தயாராக இருந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்தது. இந்த மனிதர் இங்கிருந்து எழுந்து போய் பஸ் ஏறுவார். பக்கத்தில் ஒருத்தன் உட்காருவான். இவர் திரும்பி அவன் முகத்தைப் பார்ப்பார். சாகும்வரைக்கும் பார்த்துக்கொண்டே இருப்பார். வாயை மூடிக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் ஒன் வாயால கேட்டுக்கிடுதேன்," என்றார் சொள்ளமுத்து. "கடைசியில அவ என்னையக் கூப்பிட்டாளான்னு கேட்டேன். மிஷின்ல இருந்து நீ ஆமான்னு சொன்ன. அவுக சொல்லுதாவ, அது அப்படித்தான், சிலது அதுவாச் சொல்லுமாம், எல்லாத்தையும் நம்பக் கூடாதாம். நீ அங்க இருந்தவ. நீ சொல்லு. எம்பிள்ளை என்னையக் கூப்பிட்டாளா? இல்ல, யாருமே வேண்டாம்னு போயிட்டாளா?"

அவர் தலைக்கு மேல் சுவரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தங்கபுஷ்பம் அதைப் பார்த்தாள். யாமினி சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருந்தது. அடுத்த மாதம் விசாரணை. எழுந்து போய்விடலாம். தெரியாது என்று சொல்லலாம். உண்மையும் அதுதான், அவள் போனபோது அந்தப் பிள்ளை போய்விட்டிருந்தாள்.

அவர் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். இமைக்கவில்லை.

"கூப்பிட்டா அண்ணாச்சி," என்றாள் தங்கபுஷ்பம். "அப்பா அப்பான்னு ரெண்டு தடவை கூப்பிட்டா."

சொள்ளமுத்து கண்ணை மூடிக்கொண்டார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஊருக்கு ரெண்டு பஸ் மாறவேண்டும், வாரேன் தாயி என்று சொல்லிவிட்டுக் கம்பை எடுத்துக்கொண்டு எழுந்தார்.